துறையிலே கண்ட மருந்து: அறிஞர் அக்லிலு லெம்மாவின் வாழ்க்கை

மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்று போற்றுவது நம் மரபு. நிலவு காயும் இரவில் வாவியின் நடுவே தோணியை நிறுத்திச் செவிமடுப்போர்க்கு நீரடியிலிருந்து ஓர் இன்னொலி எழுந்து வரும் என்பர். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அதனைத் தாமே கேட்டு, இலங்கையைப் பற்றிய தமது நூலிற் பதிவு செய்தார். பாடுவது மீனன்று, ஊரியே என்று தோணிக்காரர் அவருக்குக் கூறினராம். ஊரி என்பது நத்தையினத்தைச் சேர்ந்த சிறு பிராணி. பாடுவது எதுவாயினும் ஆகுக. ஊரிக்கு இந்நாட்டார் உள்ளத்தில் ஓர் இனிய இடம் உண்டு என்பது உறுதி.

வாவியின் உவர்நீரை விட்டுப் படுவான்கரைப் பக்கம் சென்று, குளங்களிலும் வாய்க்கால்களிலும் நெல்வயல்களிலும் வாழும் நன்னீர் நத்தைகளை நோக்கினால் கதை வேறாகும். தட்டையாய்ச் சுருண்ட ஓடுடைய நத்தை ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் அதனை இந்தோபிளானோர்பிஸ் என்பர். அதன் உடலில் வளரும் நுண்புழு நீரிலே புறப்பட்டு, மாடு எருமைகளின் தோலைத் துளைத்து இரத்தக் குழாய்களினுட் புகுகின்றது. அவற்றுள் ஒருவகை மூக்கின் நாளங்களிலே தங்கிக் கட்டிகளை எழுப்பும். அந்நோயுற்ற மாடு மூச்சு விடுகையிற் குறட்டை போன்ற ஒலி கேட்கும். இந்தப் புழுவைச் சென்னை மிருக வைத்தியத் துறை அறிஞர் அனந்த நாராயண ராவ் 1933ஆம் ஆண்டில் தனியினமாக வகுத்து விளக்கினார். இலங்கையின் கால்நடைகளிலும் அது உண்டு. வயல்நீரில் நெடுநேரம் நிற்கும் உழவரின் கால்களிலே தினவும் தடிப்பும் தோன்றுவதற்கும் இவ்வகைப் புழுக்கள் காரணமாவதுண்டு. மனிதத் தோலினுட் புகுந்தவை அங்கேயே மடிந்து விடுவதால் நமக்கு அது தினவோடு போயிற்று.

ஆபிரிக்க மக்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அங்கே மனித இரத்தத்திலேயே குடியேறி ஆண்டுக்கணக்கில் வாழும் இனங்கள் உள்ளன. ஜேர்மானிய வைத்தியர் தியோடர் பில்ஹார்ஸ் 1851ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் அப்புழுவைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே நோய்க்குப் பில்ஹார்சியா என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஒருவகை சிறுநீர்ப் பையைப் புண்ணாக்கிச் சிறுநீரிற் குருதியை வரவழைக்கும். மற்றொருவகை குடலையும் ஈரலையும் கெடுக்கும். பிள்ளைகள் வளர்ச்சி குன்றிச் சோர்ந்திருப்பர். உலகில் இன்றும் இந்நோய்க்குச் சிகிச்சை வேண்டி நிற்போர் 20 கோடிக்கு மேற்பட்டவர்.

இந்நோயின் சங்கிலியில் நத்தையே நடுக் கண்ணி. நோயாளியின் கழிவிலுள்ள முட்டை நீரிற் பொரித்து நத்தையினுட் புகும். சில வாரங்களில் ஒன்று பல்லாயிரமாய்ப் பெருகி வெளிவந்து, நீரில் இறங்குவோரின் தோலைத் துளைக்கும். ஜப்பானிய அறிஞர் மியாயிரி 1913ஆம் ஆண்டில் தம் நாட்டிலும், ஆங்கில அறிஞர் லைப்பர் 1915ஆம் ஆண்டில் எகிப்திலும் இவ்வுண்மையை நிலைநாட்டினர். நத்தையை ஒழித்தால் நோயின் வழி அடைபடும் என்பது அன்று முதல் தெளிவாயிற்று. எதைக்கொண்டு ஒழிப்பது என்பதே எஞ்சிய வினா. அதற்கு ஏழை நாட்டின் காட்டுக் கொடியொன்றிலே விடை கண்டவர்தாம் எதியோப்பிய நாட்டு அறிஞர் அக்லிலு லெம்மா.

நாடும் இளமையும்

அக்லிலு 1935ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் எதியோப்பியாவின் கீழ்த்திசையிலுள்ள ஜிஜிகா என்னும் ஊரிற் பிறந்தார். அக்லிலு என்பது அவர் பெயர். லெம்மா என்பது தந்தையார் பெயர். குடும்பப் பெயர் என ஒன்றில்லாது தந்தை பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வழங்கும் வழக்கத்தில் எதியோப்பியரும் நம்மவரும் ஒத்தவரே. ஆதலின் அவரை நாம் அக்லிலு என்றே அழைத்தல் தகும்.

அவர் பிறந்த அடுத்த மாதமே இத்தாலியப் படைகள் அந்நாட்டினுட் புகுந்தன. 1941ஆம் ஆண்டில் அவர்கள் அகற்றப்பட்ட பின், பேரரசர் ஹெயில் செலாசி மீண்டும் அரியணை ஏறினார். நாட்டைக் கட்டியெழுப்பக் கற்றவர் வேண்டியிருந்தமையால் திறமை மிக்க இளைஞர் பலர் மேனாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அக்லிலு அமெரிக்கா சென்று பயின்று, பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1964ஆம் ஆண்டிலே விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அத்தகைய பட்டம் பெற்றோர்க்கு அந்நாட்டிலேயே பதவிகள் காத்திருந்த காலம் அது. அவரோ அவ்வாண்டே தாய்நாடு திரும்பினார்.

அட்வாவின் ஆற்றங்கரை

வடக்கு எதியோப்பியாவில் அட்வா என்றோர் ஊர் உண்டு. 1896ஆம் ஆண்டில் மெனெலிக் பேரரசரின் படை இத்தாலியரை வென்று ஆபிரிக்கா முழுவதையும் தலைநிமிரச் செய்த களம் அதுவே. அங்குள்ள ஓடைகளில் எவ்விடத்தில் நத்தை மிகுதி, எவரெவர் நோயுற்றனர் என்று கணக்கெடுப்பதற்காக இளம் அறிஞர் 1964ஆம் ஆண்டில் அங்கே சென்றார்.

ஓடையோரம் நடந்து வருகையில் அவர் கண்ணில் ஒரு புதுமை பட்டது. பெண்கள் துணி துவைக்கும் துறைக்குச் சற்றுக் கீழே செத்த நத்தைகளின் ஓடுகள் மிகுதியாய்க் கிடந்தன. துறைக்கு மேற்புறத்திலோ நத்தைகள் உயிரோடு ஊர்ந்தன. அப்பெண்கள் கடைச் சவர்க்காரம் வாங்க வசதியற்றவர்கள். எண்டொட் என்னும் கொடியின் காய்களை உலர்த்தி, இடித்து, நீரிற் குழைத்து வரும் நுரையிலேயே துணிகளை வெளுத்தனர். நம்மவர் பூவந்திக் கொட்டையின் நுரையைப் பயன்படுத்தியது போன்ற பழக்கமே அது. அங்கே பல நூற்றாண்டு வழக்கம்.

அக்லிலு மேற்புறத்திலிருந்து உயிருள்ள நத்தைகளை ஒரு பாத்திரத்திற் சேர்த்து, அந்தப் பெண்களில் ஒருவரைக் கொண்டே சிறிது நுரைநீரை அதில் ஊற்றச் செய்தார். சற்று நேரத்தில் நத்தைகள் சுருங்கி மடிந்தன. அன்றைய ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவி அவ்வளவே. அந்த ஓடையில் அவருக்கு முன்பும் கற்றோர் பலர் இறங்கியிருப்பர். துவைக்கும் பெண்களின் கையிலுள்ள பொருள் ஆராயத்தக்கது என்று எண்ணியதே இவருடைய சிறப்பு.

ஆய்வுக்கூடமும் ஐயப்பாடும்

அடிஸ் அபாபாவிலுள்ள ஹெயில் செலாசி பல்கலைக்கழகத்தில் அக்லிலு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நோய்களை உயிரியல் வழி ஆராயும் நிலையமொன்றை 1966ஆம் ஆண்டில் அங்கு நிறுவினார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

எண்டொட் காயின் ஆற்றல் சபோனின் என்னும் நுரைப் பொருளில் உள்ளது. காயை உலர்த்திப் பொடித்து, பத்து இலட்சம் பங்கு நீரிற் சில பத்துப் பங்கு கலந்தாலே ஒரு நாளில் நத்தைகள் மடியும். முற்றாத பச்சைக் காயே வீரியம் மிக்கது. இந்தப் பொருளின் தன்மை பற்றிப் பின்னர் நடந்த ஆய்வுகள் வியக்கத்தக்க ஒன்றை வெளிப்படுத்தின. முழுக் காயினுள் அச்சத்து நத்தையைக் கொல்லும் வடிவில் இருப்பதில்லை. காயை நசுக்கி நீரோடு சேர்க்கும்போது, காயிலேயே உள்ள நொதியொன்று அதனை மாற்றி நஞ்சாக்குகின்றது. மதுசாரம் முதலிய திரவங்களில் வடித்தெடுக்கும்போது அம்மாற்றம் நிகழ்வதில்லை. அட்வாவின் பெண்கள் கையாண்ட இடித்துக் கரைக்கும் முறையே மிகப் பொருத்தமான முறை என்பதை இரசாயன நூல் இவ்வாறு பிற்காலத்தில் உணர்ந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் அச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது. அங்கிருந்தோர் அதற்கு அவர் பெயரைச் சேர்த்து லெம்மாடொக்சின் என்று பெயரிட்டனர். பெயர் கிடைத்தது, பயன்பாட்டுக்கு இசைவு கிடைக்கவில்லை. அக்காலத்தில் நத்தையொழிப்புக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்பட்டது ஜேர்மனியின் பாயர் நிறுவனம் செய்த நிக்லோசமைட் என்னும் செயற்கை மருந்து. அது வீரியம் உடையது, நத்தை முட்டைகளையும் அழிப்பது. ஆயின் விலை மிகுந்தது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாத நாடுகள் அதனை ஆண்டுதோறும் வாங்கித் தெளிப்பது எங்ஙனம்? தன் வேலியிற் படரும் கொடியைக் கொண்டு தன் ஓடையைத் தானே காத்துக்கொள்ளும் வழி இருக்கையில் ஏன் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும் என்பதே அக்லிலுவின் கேள்வி.

மறுத்தோரிடமும் காரணம் இருந்தது. நீரிற் கலக்கும் பொருள் எதுவாயினும் மனிதர்க்கும் விலங்குக்கும் தீங்கு செய்யாது என்பது சர்வதேச முறைப்படி நிறுவப்பட வேண்டும். எதியோப்பியாவிற் செய்த சோதனைகள் அம்முறைக்கு உட்பட்டவையல்ல என்று கூறப்பட்டது. அம்முறைப்படி சோதிக்கும் வசதி படைத்த கூடங்களோ செல்வ நாடுகளில் இருந்தன. அவற்றை நடத்தப் பெரும்பொருள் வேண்டும். எவரும் விற்று இலாபம் காண முடியாத கொடிக்கு அப்பொருளை ஈவார் யார்? இவ்வாறு ஏழை நாட்டு விஞ்ஞானம் தன் உண்மையை நிறுவப் பிறர் வாயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்க நேர்ந்தது.

ஐந்தாண்டு முயற்சி

அக்லிலு காத்திருக்கவில்லை. 1969 முதல் 1974 வரை அட்வாவிலேயே ஒரு களச் சோதனை நடைபெற்றது. உள்ளூரில் திரட்டிய காய்களைப் பொடித்து ஓடைகளில் இட்டனர். தொடக்கத்தில் நூற்றுக்கு 63 பேரிடம் காணப்பட்ட நோய் முடிவில் ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. ஒன்று முதல் ஆறு வயது வரையான குழந்தைகளிடையே அது நூற்றுக்கு 50 என்ற நிலையிலிருந்து 7 ஆக வீழ்ந்தது.

குழந்தைகளின் கணக்கே உண்மையான அளவுகோல் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உடலினுட் புகுந்த புழு பல ஆண்டுகள் வாழும். நத்தையை ஒழிப்பதால் முன்னரே நோயுற்ற பெரியோர் குணமடையார். அவ்வாண்டுகளிற் பிறந்து முதன்முதலாக ஓடையில் இறங்கிய குழந்தைகளோ புதிய நீரைக் கண்டவர்கள். அவர்களைப் புழு பற்றவில்லை என்றால் ஓடை தூய்மையுற்றது என்பது பொருள்.

1974ஆம் ஆண்டில் பேரரசர் பதவியிழக்க, நாடு இராணுவ ஆட்சியின் கொடுமைக்கு உட்பட்டது. பின்னர் அக்லிலு நாட்டுக்கு வெளியே ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பணியில் அமர்ந்தார். குழந்தைகள் நலனுக்கான யுனிசெப் அமைப்பின் இத்தாலி நாட்டு நிலையத்திலும் கடமையாற்றினார். எண்டொட் ஆராய்ச்சி அறுந்து போகாமல் தாய்நாட்டிலே தாங்கி நின்றவர் அவருடைய தோழர் லெகெஸ்ஸெ வொல்டெ யொஹன்னெஸ். மலைநாடெங்கும் அலைந்து அக்கொடியின் அறுபதுக்கு மேற்பட்ட வகைகளைத் திரட்டி நட்டு, விளைச்சலும் வீரியமும் நோயெதிர்ப்பும் ஒருங்கே வாய்ந்த 44ஆம் எண் வகையைத் தெரிந்தெடுத்தவர் அவர். காட்டிற் பொறுக்கும் காயை நம்பி ஒரு நாட்டின் சுகாதாரத்தை நடத்த இயலாது. பயிரிடத்தக்க வகை வேண்டும் என்பதை உணர்ந்த உழைப்பு அது.

1980களில் கனடா நாட்டின் சர்வதேச ஆராய்ச்சி நிதி நிறுவனம் துணைக்கு வந்தது. ஆபிரிக்க அறிஞர்கள் 1983ஆம் ஆண்டில் சாம்பியாவின் லுசாக்கா நகரிலும், 1986ஆம் ஆண்டில் சுவாசிலாந்திலும் கூடி ஆராய்ந்தனர். சர்வதேச முறைப்படியான நச்சுச் சோதனைகளும் ஒருவாறு நிறைவேறின. பாலூட்டிகளுக்கு வாய்வழியே தீங்கு குறைவு. கண்ணிற் பட்டால் எரிச்சல் மிகும். நீரிலிட்ட சில நாட்களிற் சிதைந்து மறையும். மீனுக்கு நஞ்சாகும் என்பன முடிவுகள். முதன்முதல் கண்ட நாளிலிருந்து இந்நிலையை அடைய இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

பரிசும் பிணக்கும்

1989ஆம் ஆண்டில் அக்லிலுவுக்கும் லெகெஸ்ஸெக்கும் சுவீடன் நாட்டின் நல்வாழ்வுரிமைப் பரிசு வழங்கப்பட்டது. மாற்று நோபல் பரிசு என உலகம் அழைப்பது அதனையே.

அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகம் அக்லிலுவுக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அந்நகர் ஈரி என்னும் பேரேரியின் கரையில் உள்ளது. அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பல்வழி வந்து சேர்ந்த வரிமட்டி என்னும் சிறு மட்டி அந்த ஏரிகளிற் பெருகி, நீர்க் குழாய்களை அடைத்துப் பெருநட்டம் விளைத்தது. எண்டொட் அதனையும் கொல்லும் என்பது சோதனையிற் கண்டறியப்பட, பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை பெற்றது. நத்தையைக் கொல்லும் கொடியைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த எதியோப்பியக் குடியானவர்க்கு இதில் என்ன பங்கு என்ற வினா அப்போது எழுந்தது. தாவர வளமும் மக்களறிவும் யாருக்கு உரியன என்று உலகம் இன்றும் நடத்தும் வழக்கில் எண்டொட் ஓர் எடுத்துக்காட்டாயிற்று. ஆபிரிக்கப் பிள்ளைகளின் நோய்க்கு மருந்தாய் நின்றபோது பெருஞ்செல்வர் கண்ணிற் படாத கொடி, தொழிற்சாலைக் குழாயைக் காக்கும் என்றதும் விலைமதிப்புப் பெற்ற விந்தையை என்னென்பது!

அக்லிலு லெம்மா 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் காலமானார். வயது 61. அவர் கனவு முற்றாக நிறைவேறவில்லை. புழுவை உடலினுள்ளேயே கொல்லும் பிராசிகுவாண்டெல் என்னும் மாத்திரை 1970களில் உருவாகி, பின்னர் மலிவாகவும் கொடையாகவும் கிடைக்கலாயிற்று. நாடுகள் அதனையே முதன்மையாக நம்பின. எண்டொட் பெருவழக்காகப் பயிராகவில்லை. நத்தை முட்டையை அது கொல்லாததால் மீண்டும் மீண்டும் இட வேண்டியிருந்தமையும் ஒரு குறையே. ஆயினும் மாத்திரையால் குணமடைந்த பிள்ளை அதே ஓடையில் இறங்க மறுபடியும் நோயுறுகின்றது. ஆதலின் மருந்தோடு நத்தையொழிப்பும் தூய நீரும் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் வற்புறுத்தியுள்ளது.

வாவிக்கரையினர் அறியத்தக்கது

மனிதரைப் பற்றும் பில்ஹார்சியா இலங்கையில் நிலைகொள்ளவில்லை. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்து ரத்னகிரி மாவட்டத்திலுள்ள கிம்வி என்னும் சிற்றூரில் மாத்திரம் 1952ஆம் ஆண்டில் அது மக்களிடையே கண்டறியப்பட்டது. எனினும் மாட்டின் மூக்கையும் ஈரலையும் கெடுக்கும் புழுக்களை நத்தைகளே சுமப்பதால், இந்த அறிஞரின் வாழ்வு நமக்கும் உரியதே. வட இந்தியாவின் கோரக்பூர்ப் பல்கலைக்கழகத்தார் வேம்பு, உள்ளி, கள்ளிப்பால் ஆகியவற்றை ஈரற்புழு சுமக்கும் நத்தைகள்மீது பல ஆண்டுகளாகச் சோதித்து வந்துள்ளனர். அத்தகைய ஆராய்ச்சிக்குரிய செடிகள் நம் வேலிகளிலும் வாவிக்கரைக் கண்டற் காடுகளிலும் குறைவின்றி வளர்கின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நத்தையைக் கொல்லும் நுரை மீனையும் கொல்லும். மருக்காரைக் காயை நசுக்கி நீரிலிட்டு மீனை மயக்கும் முறை தமிழர் அறியாததன்று. இலங்கையின் 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் நஞ்சிட்டு மீன் பிடிப்பதைத் தடுத்துள்ளது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. மாரியில் வயலும் வாய்க்காலும் பெருகி அதிலேயே வந்து கலக்கும். மாட்டுக்காரர் தம் குளத்தில் இட்டது மீன்காரர் வலைக்கு வந்து சேரும். தாவர நஞ்சு என்பதனால் அது நஞ்சன்று என்றாகி விடாது. எவ்வளவு இடுவது, எந்தப் பருவத்தில் இடுவது, எந்த நீரை விலக்குவது என்று அளந்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். அக்லிலு கால் நூற்றாண்டு உழைத்ததும் அந்த அளவை அறிந்து நிறுவுவதற்கே.

கற்றவர் கிராமத்துக்குக் கற்பிக்கச் செல்வது வழக்கம். அக்லிலு கேட்டறியவும் சென்றார். கேட்டதை அப்படியே நம்பிவிடாமல் சோதித்தார். சோதித்ததைப் பிறர் ஏற்கும்வரை தளராமல் நின்றார். குளத்துத் துறையில் துணி துவைக்கும் ஒரு தாயின் கையிலுள்ள அறிவை மதித்து வினவும் மாணவர் சிலர் நம்மிடையேயும் தோன்றுவராயின், அதுவே அந்த ஆபிரிக்க அறிஞருக்கு வாவிக்கரை செலுத்தும் அஞ்சலியாகும்.